குழாய் அடைப்பு என்று சொன்னது எந்தச் சோதனை?

“ஏம்மா, விசேஷம் ஒன்னும் இல்லையா?”

கல்யாணமாகி இரண்டு தீபாவளி கடந்துவிட்டால் போதும், இந்தக் கேள்வியிலிருந்து எந்தப் பெண்ணும் தப்ப முடியாது. தஞ்சோங் மாலிம் இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போது கேட்பார்கள். கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள். பக்கத்திலேயே நிற்கும் கணவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் வானொலி அறிவிப்பாளர். தினமும் கோமுட்டர் ரயிலில் கோலாலம்பூருக்குப் போய், மைக் முன்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசுகிறவள். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளாக என்னிடம் பதில் இருந்ததில்லை. சென்ற ஆண்டு, எனக்கு 34 வயதானபோது, ஒரு தனியார் மையத்தில் எக்ஸ்ரே சோதனை எடுத்தார்கள். பத்து நிமிட வேலை. படத்தைப் பார்த்துவிட்டு, “இரண்டு குழாயும் அடைச்சிருக்கு. நேரா ஐ.வி.எஃப். போயிடுங்க. இந்த மாசமே பதிவு பண்ணினா நல்லது” என்றார்கள்.

அன்று இரவு நானும் என் கணவரும் அலமாரியைத் திறந்து, எந்த நகையை அடகு வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நகை அடகுக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நிகழ்ச்சியில் ஒருநாள் இதைப் பற்றி லேசாகப் பேசியதும், “எனக்கும் அதே படம்தான் எடுத்தாங்க”, “அந்தச் சோதனை வலிக்குமா அக்கா?”, “வயித்துல துளை போட்டுப் பார்க்கணும்னு சொல்றாங்க, தேவையா?” என்று நேயர்கள் வரிசையாகக் கேட்டார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

பத்து சென்டிமீட்டர் பாதை

கருப்பையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு குழாய். நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். கருப்பையோடு சேரும் இடத்தில் உட்புறம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். சினைப்பை இருக்கும் மறுமுனை பூப்போல விரிந்திருக்கும். 1561-ல் இதை விவரித்து எழுதிய இத்தாலிய உடற்கூற்று அறிஞர் கப்ரியேலே ஃபலோப்பியோ, எக்காளத்தின் வடிவம் என்றார். அவர் பெயரால்தான் ஃபெலோப்பியன் குழாய். நாம் கருக்குழாய் என்போம்.

முட்டையும் விந்தணுவும் சந்திப்பது கருப்பையில் அல்ல, இந்தக் குழாய்க்குள்தான். சேர்ந்த கருவை, உள்ளே இருக்கும் நுண்ணிய இழைகள் சில நாள்களில் கருப்பைக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றன. பாதை அடைபட்டால் சந்திப்பே நடக்காது. பாதி அடைபட்டால், கரு குழாயிலேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைப் பேறு தள்ளிப்போகும் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குழாய்ப் பிரச்சினை இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இதற்குக் காரணம் என்ன? முதலிடம் கிளமிடியா போன்ற தொற்றுகளுக்கு. பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று வந்து போனதே தெரியாது. கணவனுக்கும் தெரியாது. சுவீடனில் 1992-ல் வெளியான ஒரு நீண்டகால ஆய்வு, இடுப்புக்குழித் தொற்று ஒருமுறை வந்த பெண்களில் 8 விழுக்காட்டினருக்கும், இருமுறை வந்தவர்களில் 19.5 விழுக்காட்டினருக்கும், மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் குழாய் பாதிக்கப்பட்டுக் கருத்தரிப்பு தடைபட்டதாகக் காட்டியது. காசநோய் இன்னொரு காரணம். நம் நாட்டிலும் இந்தியாவிலும் அது இன்னும் ஒழியவில்லை. எண்டோமெட்ரியோசிஸ், முந்தைய வயிற்று அறுவை, வெடித்துப்போன குடல்வால் ஆகியவையும் குழாயைச் சுற்றி ஒட்டுத் திசுக்களை உண்டாக்கும்.

குடல்வால் என்பதைக் கவனத்தில் வையுங்கள். என் கதை அங்கேதான் திரும்பப் போகிறது.

வாயுவில் தொடங்கிய சோதனை

நூறு ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கில் இசிடோர் ரூபின் என்ற மருத்துவர், கருப்பைக்குள் வாயுவைச் செலுத்திக் குழாயைச் சோதித்தார். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போய், எழுந்து உட்காரும்போது பெண்ணுக்குத் தோள்பட்டை வலிக்கும். தோள் வலித்தால் நல்ல செய்தி! ஒரு குழாய் திறந்திருக்கிறதா, இரண்டுமா என்று அதில் தெரியாது. அந்தச் சோதனை இன்று வழக்கில் இல்லை. ஆனால் அடிப்படை யோசனை மாறவில்லை. ஒரு பக்கத்தில் எதையாவது செலுத்தி, அது மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய மூன்று சோதனைகளும். எதைச் செலுத்துகிறோம், எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

எக்ஸ்ரே சோதனை: எச்.எஸ்.ஜி.

மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன், பொதுவாக 6-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் செய்வார்கள். கருப்பை வாய் வழியாக மெல்லிய குழாய் நுழைத்து, அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் வெள்ளைக் கோடாக ஓடி, மறுமுனையில் சிந்தினால் குழாய் திறந்திருக்கிறது.

எளிது, வெளிநோயாளியாகவே முடியும், பல இடங்களில் கிடைக்கும். மாதவிலக்கு வலியைப் போல, சிலருக்கு அதைவிடக் கூடுதலாக, சில நிமிடம் வலிக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு அளவு சிறியது. அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு பிரச்சினையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சோதனைக்குப் பிறகு காய்ச்சல், கடும் வயிற்று வலி வந்தால் தாமதிக்காமல் போக வேண்டும். சிறு விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்படலாம்.

இதன் துல்லியம் எவ்வளவு? 20 ஆய்வுகளில் 4,179 பெண்களைச் சேர்த்துப் பார்த்த 1995-ஆம் ஆண்டு தொகுப்பு ஒன்று இப்படிச் சொல்கிறது: உண்மையில் அடைப்புள்ள 100 பேரில் 65 பேரை எச்.எஸ்.ஜி. கண்டுபிடிக்கும். அடைப்பே இல்லாத 100 பேரில் 83 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும். மிச்சம் 17 பேர்? இல்லாத அடைப்பை இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? சாயம் பாயும்போது வலியாலும் பயத்தாலும் கருப்பைத் தசை சுருங்கி, குழாயின் வாசலை இறுக்கிவிடலாம். சளிக்கட்டி ஒன்று தற்காலிகமாக அடைத்திருக்கலாம். படத்தில் இரண்டும் அடைப்பாகத்தான் தெரியும். கருப்பையோடு சேரும் முனையில் அடைப்பு என்று படம் காட்டிய பெண்களுக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் எடுத்தபோது, ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குக் குழாய் திறந்திருந்ததாக ஓர் ஆய்வு கண்டது. என் அடைப்பும் அந்த முனையில்தான் இருந்தது. யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

எச்.எஸ்.ஜி. பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. நெதர்லாந்தில் 27 மருத்துவமனைகளில் 1,119 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், எண்ணெய் அடிப்படையிலான சாயத்தில் சோதனை செய்தவர்களில் 39.7 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தனர். நீர் அடிப்படையிலான சாயத்தில் 29.1 விழுக்காட்டினர். சோதனையே சிலருக்குச் சிகிச்சையாகிவிடுகிறது. எல்லோருக்கும் எண்ணெய்ச் சாயம் பொருந்தாது என்பதால் இதையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கேன் சோதனை: ஹைகோசி, ஹைஃபோசி

இதில் எக்ஸ்ரே இல்லை. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, காற்றுக் குமிழ் கலந்த உப்புநீரையோ வேறு திரவத்தையோ செலுத்துவார்கள். அதன் பெயர் ஹைகோசி. நுரையைச் செலுத்தினால் ஹைஃபோசி. நுரை வெள்ளையாக மின்னிக்கொண்டு குழாய்க்குள் ஓடுவதைத் திரையில் நீங்களே பார்க்கலாம்.

கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை. அதே நேரத்தில் கருப்பையில் கட்டி, உள்ளே சதை வளர்ச்சி, சினைப்பையில் நீர்க்கட்டி ஆகியவையும் தெரியும். ஆய்வுகளை ஒப்பிட்டால் துல்லியத்தில் இது எச்.எஸ்.ஜி.க்குக் குறைந்ததல்ல. நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரண்டு சோதனைகளையும் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. நுரைச் சோதனையில் வலி குறைவு. எந்தச் சோதனையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்தாலும், கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு.

குறை என்ன? செய்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பழகாத கையில் சரியான விடை கிடைக்காது. எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

லேப்ராஸ்கோப்பி: நேரில் பார்ப்பது

முழு மயக்க மருந்து கொடுத்து, தொப்புளருகே சிறு துளையிட்டு, வயிற்றில் வாயு நிரப்பி, கேமரா விட்டுப் பார்ப்பார்கள். கீழிருந்து நீலச் சாயம் செலுத்தும்போது, அது குழாய் முனையில் சொட்டுவது கண்ணுக்கே தெரியும். மற்ற இரண்டு சோதனைகளும் குழாயின் உள்ளே மட்டும் பார்க்கின்றன. இதில் வெளியேயும் தெரியும். ஒட்டுத் திசு, எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் பார்ப்பதோடு நிற்காமல் அப்போதே பிரித்துவிடவும் முடியும். அதனால்தான் மற்ற சோதனைகளை இதோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள்.

ஆனால் இது அறுவை சிகிச்சை. மயக்க மருந்தின் ஆபத்து உண்டு. அரிதாகக் குடலிலோ இரத்தக் குழாயிலோ காயம் படலாம். செலவும் ஓய்வும் அதிகம். எல்லோருக்கும் முதல் சோதனையாக இது தேவையில்லை.

இவற்றோடு ஓர் இரத்தச் சோதனையும் உண்டு. கிளமிடியா தொற்று எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்று அது காட்டும். குழாயை அது பார்க்காது. ‘தொற்று இல்லை’ என்று வந்தால் குழாய் கெட்டிருக்கும் வாய்ப்பு குறைவு என்று கொள்ளலாம், அவ்வளவே.

எந்தச் சோதனையும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. குழாய் திறந்திருக்கிறதா என்றுதான் இவை சொல்லும். உள்ளே கருவைத் தள்ளும் இழைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சொல்லாது.

யாருக்கு எது?

பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி இதை எளிதாகப் பிரித்துச் சொல்கிறது. இடுப்புக்குழித் தொற்று, குழாய்க் கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வரலாறு இல்லாதவர்களுக்கு முதலில் எச்.எஸ்.ஜி. பழகிய மருத்துவர் இருந்தால் ஹைகோசி அதற்குச் சமமான மாற்று. அந்த வரலாறு உள்ளவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி.

ஆக, முதல் கருவி எக்ஸ்ரேயும் இல்லை, ஸ்கேனும் இல்லை. முதல் கருவி ஒரு கேள்வி: “இதுக்கு முன்னால உங்களுக்கு என்ன ஆச்சு?”

நான் இரண்டாவது கருத்துக்குப் போன மருத்துவர் அதைத்தான் கேட்டார். அப்போதுதான் பதினேழு வயதில் குடல்வால் வெடித்து, ஸ்பூல் முடித்த கையோடு ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்ததைச் சொன்னேன். முதல் மையத்தில் அதை யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. குடல்வாலுக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்றே நினைத்திருந்தேன்.

அவர் இன்னொன்றையும் கேட்டார்: “உங்க கணவருக்குச் சோதனை எடுத்தாச்சா?” எடுக்கவில்லை. எனக்கு எக்ஸ்ரே எடுத்து, ஐ.வி.எஃப். வரை பேசியிருந்தார்கள். கணவரின் விந்தணுச் சோதனை, எந்த ஊசியும் வலியும் இல்லாத சோதனை, நடக்கவே இல்லை. குழந்தைப் பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆண் தரப்புக் காரணமும் பங்கு வகிக்கிறது. அதனால் அந்தச் சோதனையும், முட்டை ஒழுங்காக வெளிவருகிறதா என்ற சோதனையும் குழாய்ச் சோதனைக்கு முன்னால் வர வேண்டியவை.

கணவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு நுரைச் சோதனை செய்தார்கள். இடது குழாயில் நுரை ஓடியது. முதல் படத்தில் அடைபட்டிருந்த அதே குழாய்! வலது பக்கம் சந்தேகம். பழைய குடல்வால் வலது பக்கம்தானே. பிறகு லேப்ராஸ்கோப்பி. வலது குழாய் ஒட்டுத் திசுவில் சிக்கி மடங்கிக் கிடந்தது. அதே மேசையில் பிரித்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது எனக்கு வலித்த இடம் வயிறு அல்ல, தோள்பட்டை. வயிற்றில் நிரப்பிய வாயுவின் வேலை. ரூபினின் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு குழாயும் போய்விட்டால்?

அப்படியும் சிலருக்கு இருக்கும். அது முடிவல்ல. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் குழாய் அடைப்புதான். அந்த மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோ, லேப்ராஸ்கோப்பியைப் பிரிட்டனில் வளர்த்தவர். அந்தக் கருவியால்தான் முட்டையை வெளியே எடுத்தார். அடுத்த சில வாரங்களில், அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கும் குழாய்ப் பிரச்சினைதான். அதைச் சாதித்த டாக்டர் சுபாஷ் முகர்ஜியை அன்றைய அரசுக் குழு நம்பவில்லை. 1981-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்து, 1997-ல் அவருக்கே பெருமையைத் திருப்பிக் கொடுத்தவர் இன்னொரு விஞ்ஞானி, டி.சி. ஆனந்த் குமார்.

ஐ.வி.எஃப். பிறந்ததே குழாய் அடைந்த பெண்களுக்காகத்தான். ஆனால் அங்கேயும் குழாயைச் சரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் (ஹைட்ரோசால்பின்க்ஸ்), ஐ.வி.எஃப். வெற்றி ஏறத்தாழ பாதியாகக் குறையும். முதலில் அந்தக் குழாயை எடுத்துவிட்டோ கட்டிவிட்டோ போனால் வாய்ப்பு கூடும். ஒரு குழாய் மட்டும் அடைபட்டு மறுகுழாய் நன்றாக இருந்தால், இயற்கையாகவே கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கிறது.

எங்கே தொடங்குவது?

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகு, 35-ஐத் தாண்டினால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். முன்பே தொற்று, வயிற்று அறுவை வரலாறு இருந்தால் அதுவரையும் காத்திருக்க வேண்டாம்.

நம் வட்டாரத்தில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போய் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஸ்லிம் ரிவர், ஈப்போ, கோலாலம்பூர் என்று அங்கிருந்து வழி திறக்கும். எல்.பி.பி.கே.என். என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தைப் பேறு தொடர்பான ஆலோசனை, சிகிச்சை தருகிறது. அரசாங்க வழியில் காத்திருப்பு நீளும், செலவு குறையும். 2020 முதல் ஊழியர் சேமநிதியில் குழந்தைப் பேறு சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு. எந்தெந்தச் சிகிச்சைக்கு என்பதை முதலில் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருமான வரிக் கழிவுக்கும் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்:

• அடைப்பு எந்த முனையில்? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

• இது தசைச் சுருக்கமாக இருக்கலாமா? மறுபடி சோதிக்கலாமா?

• என் பழைய நோய், அறுவை வரலாற்றுக்கு எந்தச் சோதனை பொருத்தம்?

• கணவரின் சோதனை முடிவு வந்துவிட்டதா?

• இந்தச் சோதனையின் விடை எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப் போவதில்லை என்றால், சோதனை எதற்கு?

படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுடையது. ஒரே மருத்துவமனை பேச்சைக் கேட்டு அன்றைக்கே பணம் கட்ட வேண்டிய அவசரம் எதிலும் இல்லை. அதே சமயம், பயந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப் போடவும் கூடாது. வயது காத்திருக்காது.

என் மாமியார் அறுவைக்குப் பிறகு நாங்கள் வீடு திரும்பிய அன்று ரசம் வைத்து எடுத்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கையைக் காட்டச் சொன்னார். அதில் இருந்த குழாய்ப் படத்தில் விரலை வைத்து, “இதுக்குத்தான் இத்தனை வருஷமா உன்ன வாயால வதைச்சிட்டிருந்தேனா?” என்றார். “பரவால்ல அத்தை” என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கள் வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. ஓராண்டு முயன்று பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதில் ஆறு மாதம் முடிந்திருக்கிறது. நடந்தால் மகிழ்ச்சி. நடக்காவிட்டால் ஐ.வி.எஃப். இருக்கிறது. அப்போது நகையை அடகு வைத்தாலும், எதற்காக வைக்கிறோம் என்று தெரிந்து வைப்போம்.

அடுத்த முறை ஒரு பெண்ணிடம் “விசேஷம் இல்லையா?” என்று கேட்க வாய் வந்தால், தயவு செய்து கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், “ஆஸ்பத்திரிக்கு யாராவது கூட வரணுமாம்மா?” என்று கேளுங்கள்.